நாங்கள் வாங்கிய பாப்கார்ன் மெஷின்

எனக்குக் கல்யாணம் ஆனபோது வயது முப்பத்தொன்பது. அவருக்கு நாற்பத்தாறு. அவருடைய மகளுக்குப் பன்னிரண்டு. அவளுடைய அம்மா இறந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவர் பொன்மலையில் ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கிறார். நான் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் டெக்னீஷியன். ஸ்ரீரங்கத்தில் மாடியில் இரண்டு அறையும் ஒரு நீளமான சமையலறையும் உள்ள வாடகை வீடு அவர்களுடையது. கல்யாணத்துக்கு மறுநாள் இரண்டு சூட்கேஸோடு அந்த வீட்டுக்குள் போனேன்.

அந்தப் பெண் என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"தண்ணி வேணுங்களா?" என்பாள். "ஸ்கூலுக்குப் போயிட்டு வரேங்க" என்பாள். அப்பாவிடம் பேசும்போது, "என் காம்பஸ் பாக்ஸை எங்கப்பா வச்ச? நீ எடுத்தா எடுத்த இடத்துல வைக்கவே மாட்ட" என்று சண்டை போடுவாள். என் பக்கம் திரும்பினால் அந்த 'ங்க' வந்துவிடும். அக்கம்பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் பேசுவது போலத்தான் இருக்கும்.

அதோடு, என்னை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடவும் மாட்டாள். சித்தி என்று கூப்பிடச் சொல்லலாம் என்று என் வீட்டில் சொன்னார்கள். ஆனால் அவளுக்கு ஒரு சித்தி ஏற்கெனவே இருந்தார். அவள் அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. மருங்காபுரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். "சித்தி, நீ எப்ப வர்ற?" என்று இவள் கொஞ்சுவது எனக்குக் கேட்கும். ஆகவே எனக்கென்று ஒரு சொல் மிச்சம் இல்லை. என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நான் இருக்கும் இடத்துக்கு வந்து, நான் திரும்பிப் பார்க்கும்வரை நின்றுகொண்டிருப்பாள்.

சமையலறை அவள் அம்மா விட்டுப்போன மாதிரியே இருந்தது. எதையும் மாற்றக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத்தான் கை வரவில்லை. அந்த அம்மா என்னைவிட நல்ல உயரம் என்பதைப் போட்டோவைப் பார்த்து நான் தெரிந்துகொள்ளவில்லை. கரண்டி மாட்டும் ஆணிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஜல்லிக் கரண்டியை எடுக்க ஒவ்வொரு முறையும் நுனிக்காலில் நிற்க வேண்டியிருந்தது. ஆணியைக் கீழே இறக்கி அடிக்க எனக்கு மனசு வரவில்லை.

எட்டு மாசம் இப்படிப் போயிற்று. ஐப்பசி மாச ஞாயிற்றுக்கிழமை ஒன்று. காலையிலிருந்து விடாத மழை. மூன்று பேரும் வீட்டில் இருந்தோம். மளிகைக் கடையில் குக்கரில் போட்டால் பொரியும் என்று மசாலா கலந்த பாப்கார்ன் பாக்கெட் விற்கிறார்களே, அதில் ஒன்றை முதல் நாள் வாங்கி வந்திருந்தேன். சாயங்காலம் சின்னக் குக்கரை எடுத்து, வெயிட் போடாமல் மூடிவைத்துப் பொரித்தேன். படபடவென்று சத்தம் கேட்டதும் அவள் எழுந்து வந்து சமையலறை நிலைப்படியில் நின்றாள். மகிழ்ச்சியாக வந்திருக்கிறாள் என்று நினைத்துத் திரும்பினேன்.

"அது அம்மா பண்றது" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அம்மா மழை பெஞ்சா பண்ணுவாங்க. இந்தக் குக்கர்லதான்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நான் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். நான்கைந்து எடுத்து வாயில் போட்டு, "நல்லா இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மேடைமேல் வைத்துவிட்டுப் போனாள். மிச்சத்தை டப்பாவில் அடைத்தேன். இரண்டு நாளில் நமுத்துப்போயிற்று, கொட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது அவரிடம் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ஞாபகமே இல்லை பாரு. நான் உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார்.

பத்து நாள் கழித்து அவள் ஒரு நோட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளும்மா."

"கரன்ட்ல ஓடற பாப்கார்ன் மெஷின் இருக்குங்க. வீட்டுக்குன்னே சின்னதா வருது. நாம ஒன்னு வாங்கலாமா?"

"உனக்கு அவ்வளவு பிடிக்குமா?"

கொஞ்ச நேரம் நோட்டின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தாள். "அதுல அம்மா பண்ணதில்லைங்க. நீங்க பண்ணலாம்" என்றாள்.

புளிக்கையோடு என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பத்து நாளும் நான் என்னைப் பற்றியே நினைத்து மனசைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். அவளோ எனக்கு எங்கே இடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் நோட்டில் நிறைய எழுதிவைத்திருந்தாள். இந்த மெஷினில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்றில் தட்டில் எண்ணெய் விட்டுச் சோளத்தைப் போட்டால் ஒரு கம்பி சுற்றிச் சுற்றிக் கிளறும். மேலே கவிழ்த்த மூடியைப் பிறகு அப்படியே திருப்பிப் பாத்திரமாக வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் எண்ணெயே கிடையாது. சூடான காற்று அடித்து மணிகளைச் சுழற்றும். பொரிந்ததும் இலேசாகி, வாய் வழியாகத் தானாக வெளியே வந்து விழும். எத்தனை வாட், ஒரு தடவைக்கு எத்தனை பேருக்குக் காணும், கழுவுவது சுலபமா என்றெல்லாம் கோடு போட்டு எழுதியிருந்தாள். பெரிய பின் பிளக்கா சின்ன பின் பிளக்கா என்பதற்குப் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறி. எங்கள் சமையலறையில் பெரிய பின் பாயின்ட் ஒன்றுதான் உண்டு, அதில் ஃபிரிட்ஜ் மாட்டியிருந்தது.

சனிக்கிழமை நான் அரை நாள் லீவு போட்டேன். இரண்டு பேரும் பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, சின்னக்கடை வீதிப் பக்கம் மூன்று மாடி உள்ள ஒரு வீட்டுச் சாமான் கடைக்குப் போனோம். அவள் அப்பாவையும் கூப்பிட்டோம். "நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, எனக்கு என்ன தெரியும்" என்று நழுவிவிட்டார். வேண்டுமென்றேதான் வரவில்லை என்று இப்போது நினைக்கிறேன்.

கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது தள்ளுவண்டி மாதிரி இருந்தது. சிவப்புக் கூரை, இரண்டு சக்கரம், பார்க்க அழகுதான். "குழந்தைகளுக்கு இதுதாங்க ரொம்பப் பிடிக்குது" என்றார்.

"சக்கரம் எதுக்குங்க? இதைத் தள்ளிட்டா போகப்போறோம்?" என்று அவள் கேட்டாள். கடைக்காரர் சிரித்துவிட்டு அதை உள்ளே வைத்தார்.

எண்ணெய் விடும் மெஷின் எனக்குப் பிடித்திருந்தது. எண்ணெயில் பொரிந்தால்தான் உப்பும் காரமும் ஒட்டும், ருசி வரும் என்று சொன்னேன். அவள் காற்று மெஷின்தான் வேண்டும் என்றாள். நான் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை.

"அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் இருக்குங்க. ரிப்போர்ட்டு நீங்கதானே கொண்டு வந்தீங்க?"

"அது ரொம்ப இல்லம்மா. கொஞ்சம்தான் கூட இருக்கு."

"கொஞ்சம்னாலும் வேணாங்க. அப்பாவுக்கு ஒன்னும் ஆகக் கூடாது."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் நோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒருத்தியைப் பறிகொடுத்த பிள்ளை இருப்பவரை எண்ணிக் காவல் காக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. "காத்து மெஷினே எடுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னேன்.

அதிலும் மூன்று இருந்தது. ஸ்விட்ச் தனியாக இருக்கிறதா, பிளக்கைச் சொருகினதுமே ஓடுமா என்று கேட்டாள். ஸ்விட்ச் இல்லாததை ஒதுக்கினாள். மேல் மூடி கழன்று வருகிறதா, அளவுக் கிண்ணம் கூடவே உண்டா என்று கழற்றி மாட்டிப் பார்த்தாள். சத்தம் கேட்க வேண்டும் என்றாள். "காலியா ரொம்ப நேரம் ஓட்டக் கூடாதும்மா" என்று சொல்லிக் கடைக்காரர் ஒரு நிமிஷம் ஓட்டிக் காட்டினார். தலைமுடி காயவைக்கும் டிரையர் மாதிரி ஒரு இரைச்சல். அவள் தலையை ஆட்டினாள். பிளக் சின்ன பின்தான் என்றதும் கேள்விக்குறிகளை அடித்தாள்.

கடைசியில், "கலர் மட்டும் நீங்க சொல்லுங்க" என்று எனக்கு விட்டுக்கொடுத்தாள். மஞ்சளைக் காட்டினேன். பஸ்ஸில் வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

சோளம் என்னிடம் இருந்தது. நான் பிறந்தது உப்பிலியபுரத்தில். தம்பி அங்கே இரண்டு ஏக்கரில் மக்காச்சோளம் போடுகிறான். போன மாசம் வந்தபோது ஒரு பை உரித்த மணி கொண்டுவந்து கொடுத்திருந்தான். பாக்கெட்டில் விற்பதும் மக்காச்சோளம்தானே, இது இன்னும் புதுசு, நன்றாகப் பொரியும் என்று நான் பெருமையாக எடுத்து வந்தேன். "எங்க ஊர்ச் சோளம், பாரு" என்றும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மெஷினின் வாய்க்குக் கீழே அகலமான பேசினை வைத்தோம். அவள் ஸ்விட்சைத் தட்டினாள்.

மணிகள் உள்ளே சுழன்றன. இரண்டு நிமிஷம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. ஐந்தாவது நிமிஷத்தில் வறுத்த வாசனை வந்தது. டப் என்று ஒன்று வெடித்து, பொரியாக இல்லாமல் விரிசல் விட்ட மணியாகப் பேசினில் வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. நிறுத்திவிட்டுப் பார்த்தால் எல்லாம் பழுப்பு நிறத்தில் கல்லுக் கல்லாக இருந்தன.

மெஷினில்தான் கோளாறு என்று நினைத்தேன். எதற்கும் கேட்போம் என்று தம்பிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் இருந்தது.

"அக்கா, உனக்குப் பைத்தியமா? அது கோழித் தீவனத்துக்குப் போற சோளம். மாவாக்கிக்கோன்னு குடுத்தா பொரிக்கப் பாக்கிறியே! பொரியறது வேற ரகம்க்கா, சின்ன மணி. ஊர்ல பொறந்து வளர்ந்துட்டு இதுகூடத் தெரியலையா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா அவளைப் பார்த்தார். முதலில் அவள்தான் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, முடியாமல், மேடையில் தலையைச் சாய்த்துக்கொண்டு சிரித்தாள். "கோழித் தீவனம்! எங்க ஊர்ச் சோளம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும் நானும் சேர்ந்துகொண்டேன். பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருஷம் சொட்டுச் சொட்டாக அளந்து வேலை செய்தவளுக்கு ஒரு சோளத்தை அடையாளம் தெரியவில்லை.

மறு சனிக்கிழமை சரியான சோளம் வாங்கி வந்தேன். போன வாரம் பட்ட அவமானத்தைத் துடைக்க வேண்டும் என்ற வேகத்தில் அளவுக் கிண்ணத்தால் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன். மேல் மூடியை வைத்தேனே தவிர, திருகிப் பூட்டவில்லை. அவள் கூடத்தில் இருந்த உப்பை எடுத்து வருவதற்குள் ஸ்விட்சைப் போட்டுவிட்டேன்.

ஒன்றரை நிமிஷம் அமைதியாக இருந்தது. பிறகு ஒரே சமயத்தில் எல்லாம் வெடித்தன. மூடி மேலே எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சோளம் நான்கு பக்கமும் பீய்ச்சி அடித்தது. பொரிந்ததும் பொரியாததுமாகச் சுடச்சுட மேடையில், அடுப்பில், என் புடவையில். நான் பதறிப்போய் மூடியை வெறுங்கையால் அமுக்கப் போனேன்.

"கை வைக்காதே! தள்ளு நீ! சுடும்!"

அவள் ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். சுவரோரமாகப் புகுந்து பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பட்டுச்சா? எங்க பட்டுச்சு, காட்டு. சொன்னா கேக்கறதே இல்ல. மூடியைப் பூட்டணும்னு படம் போட்டு எழுதியிருக்கான், படிச்சியா நீ?"

"படிக்கலை" என்றேன்.

"ஒரு கிண்ணம்தான் போடணும். நீ எத்தனை போட்ட?"

"ரெண்டு."

தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பொறுக்கினோம். அடுப்புக்கு அடியில், சிலிண்டருக்குப் பின்னால், மிளகாய் டப்பாவுக்குள்கூட ஒன்று கிடந்தது. மேடையில் சுத்தமாக விழுந்ததைத் தின்றுகொண்டே பொறுக்கினோம். பெருக்கி முடித்துக் கையைக் கழுவும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் என்னை நீ என்று சொல்லியிருக்கிறாள். ஒரு தடவை இல்லை, அவ்வளவு நேரமும். அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. நான் மூச்சு விடவில்லை. வாயைத் திறந்து சொல்லிவிட்டால் அந்த 'ங்க' திரும்பி வந்துவிடுமோ என்று பயம்.

சொல்லாமலேயே அது திரும்பி வந்தது. திங்கட்கிழமை காலையில் "டிபன் பாக்ஸ் குடுங்க" என்றாள். எனக்குச் சப்பென்று போயிற்று. ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமை மெஷின் முன்னால் நின்றபோது மறுபடியும் "நீ பேசினைப் பிடி" என்றாள். இப்படி மாறி மாறித்தான் கொஞ்ச நாள் ஓடிற்று. சமையலறையில் நீ, கூடத்தில் நீங்க. சில வாக்கியம் ஒன்றில் ஆரம்பித்து இன்னொன்றில் முடியும். எந்த நாளோடு 'ங்க' நின்றது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

மெஷினைப் பழகிக்கொண்டோம். முதலில் வந்து விழும் பொரியாத மணிகளைத் திரும்ப உள்ளே போடலாம். ஒரு தடவை ஓட்டினால் பத்து நிமிஷம் ஆறவிட்டுத்தான் அடுத்தது. சோளத்தைத் திறந்துவைத்தால் உள்ளே உள்ள ஈரம் போய்ப் பாதி பொரியாது. அப்போது பாட்டிலில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்துக் குலுக்கி இரண்டு நாள் மூடிவைத்தால் சரியாகிவிடும். நான் கடையில் சொன்னதும் பொய்யில்லை, உப்பு ஒட்டவே ஒட்டாது. பேசினின் அடியில் போய் நின்றுகொள்ளும். உப்பையும் கறிவேப்பிலையையும் காய்ந்த மிளகாயையும் மிக்ஸியில் மாவு மாதிரி அரைத்து, உருக்கிய நெய் ஒரே ஒரு ஸ்பூன் தெளித்துக் குலுக்கினேன். ஒட்டிற்று. அந்த ஒரு ஸ்பூனையும் அவள்தான் அளந்து கொடுப்பாள்.

அடுத்த கோடை லீவில் அவளுடைய சித்தி வந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்கு அவர் வந்தது அதுவே முதல் தடவை. அக்கா இருந்த இடத்தில் இன்னொருத்தியைப் பார்க்க அவருக்கும் சுலபமாக இருந்திருக்காது. காலையில் வந்ததிலிருந்து என்னிடம் அளந்துதான் பேசினார். நானும் அப்படித்தான். மத்தியானம் தூங்கி எழுந்து இரண்டு பேரும் சமையலறையில் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்தோம்.

"சித்தி, நீ உக்காரு. நான் உனக்குப் பாப்கார்ன் பண்றேன்" என்று அவள் பேசினை எடுத்து வைத்தாள். என்னிடம், "நீ பொடி எடு" என்றாள்.

அவள் சித்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த 'நீ' அவர் காதில் விழுந்துவிட்டது. சோளம் பொரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொடியைத் தூவிக் குலுக்கினேன். கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மிளகாய் நெடி ஏறி அவர் தும்மத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று, நிற்கவே இல்லை.

"அம்மா மாதிரியே!" என்று இவள் கத்தினாள். "சித்தி, நீ அம்மா மாதிரியே தும்மற!"

அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "போடி. அக்கா தும்மினா தெருக்கோடிக்குக் கேக்கும். நான் எங்க அப்படித் தும்மினேன்?" என்றார்.

"கடைசில ஒரு இழுப்பு இழுப்பாங்களே, அது வந்துச்சு."

"அது கடைசில இல்ல. நடுவுல."

இரண்டு பேரும் தும்மிக் காட்டினார்கள். இவள் ஒரு விதமாக, அவர் ஒரு விதமாக. சரியாக வரவில்லை என்று மறுபடியும். அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்கு மேலாக நான் யாரைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேனோ அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை நான் அதுவரை கேட்டதில்லை. கேட்டால் புண்படுத்திவிடுவோமோ என்று எல்லோரும் சேர்ந்து மூடிவைத்திருந்தோம்.

அதற்குள் அவள் அப்பா வேலை முடிந்து மாடிப்படி ஏறி வந்திருந்தார். சமையலறை நிலையில் டிபன் பையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு பேர் சொல்றதும் தப்பு" என்றார். "முதல்ல கையை இப்படி நீட்டுவா. எல்லாரும் இருங்க, வருதுன்னு அர்த்தம். அப்புறம்தான் தும்மல்." கையை நீட்டி, கண்ணை மூடி, காத்திருப்பது போல நின்று காட்டினார்.

"ஆமா! கை!" என்றாள் அவள்.

அவள் சித்தி பேசினை என் பக்கம் தள்ளி, உட்காருங்க என்பது போலப் பக்கத்தில் இடம் விட்டார். நான் உட்கார்ந்து ஒரு கை அள்ளிக்கொண்டேன்.

"அப்புறம்? வேற என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் சொல்லத் தொடங்கினார்கள்.